சிலம்பும் தகவற்காவலும்

மலாக்கா மாநிலத்தில் சுங்கை ஊடாங், பாயா ரும்புட், ஆயர் குரோ என்னும் மூன்று ஊர்களை இணைத்துச் செல்லும் நெடுஞ்சாலை, அம்மூன்று ஊர்களின் பெயராலேயே வழங்குகின்றது. அவ்வட்டாரத் தமிழர் வாழ்வு நெடுங்காலம் ரப்பர் மரத்தைச் சுற்றியே அமைந்திருந்தது. பொழுது புலருமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்து, கிராணியின் ஏட்டில் ஏறிய எண்ணை நம்பி வாழ்ந்தவர் பலர். அவர்தம் பேரரும் பேத்தியரும் இன்று அதே வட்டாரத்திலிருந்து காலையில் புறப்பட்டு ஆலைகளுக்கும் வங்கிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்கின்றனர். அவருள் சிலர் ஏற்றிருக்கும் பணிக்குப் பாட்டனார் காலத்தில் பெயரும் இல்லை. தகவல் பாதுகாப்புப் பொறியியலாளர் என்பது அப்பணியின் பெயர். டுரியான் துங்கலில் அமைந்துள்ள மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு ஒரு பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது.

இத்தொழிலைப் பற்றித் தமிழ் இலக்கியம் சொல்லத்தக்கது ஏதேனும் உண்டா என்னும் வினாவுக்கு இருவகை விடை எளிதில் கிடைக்கும். கணினி நேற்று வந்தது, இலக்கியம் பழையது, இரண்டற்கும் தொடர்பில்லை என்பர் ஒரு சாரார். எல்லாவற்றையும் முன்னோர் அன்றே சொல்லிவைத்தனர் என்பர் மற்றொரு சாரார். முன்னது இலக்கியத்தைச் சிறுமைப்படுத்துகின்றது. பின்னது இலக்கியத்தையும் அறிவியலையும் ஒருங்கே சிறுமைப்படுத்துகின்றது. இளங்கோவடிகள் கணினியை அறியார். வள்ளுவர் கடவுச்சொல்லை அறியார். ஆயினும், ஓர் அமைப்பின் உள்ளே இருந்துகொண்டு அதன் உடைமையைக் காக்கும் மனிதனின் நிலையையும், அக்காவல் பிழைபடும் வழிகளையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கருவி மாறியது; கருவியைக் கையாளும் மனிதன் மாறவில்லை. இவ்வளவே இலக்கியத்திடம் எதிர்பார்க்கத்தக்கது, இதுவே போதியதுமாகும்.

தொழிலின் இயல்பு

இலக்கியத்துள் புகுமுன் தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். கணினிக் கள்வரைத் துரத்திப் பிடிப்பவர் என்று திரைப்படம் காட்டும் உருவம் உண்மையினின்றும் நெடுந்தொலைவு விலகியது. நிறுவனம் ஒன்றில் இப்பொறியியலாளர் நாள்தோறும் செய்வன பெரும்பாலும் அமைதியான செயல்கள். எந்தப் பதிவேட்டை எவர் திறக்கலாம், எவர் திருத்தலாம் என்பதனை அவர் வரையறுக்கின்றார். பணி மாறியவரின் நுழைவுரிமையையும் பணி விலகியவரின் நுழைவுரிமையையும் உரிய நாளில் நீக்குகின்றார். கணினி நிரல்களில் கண்டறியப்படும் குறைகளுக்குரிய திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது ஏற்றுகின்றார். யார் எப்பொழுது உள்ளே வந்தார் என்னும் பதிவுகளைப் படிக்கின்றார். தரவுகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வைத்து, அப்படி மீண்டும் பயன்படுமா என்று அவ்வப்போது சோதிக்கின்றார். பொய்யான மின்னஞ்சலை இனங்காணும் முறையை உடன் பணியாற்றுவோர்க்குக் கற்பிக்கின்றார்.

இப்பணிக்கு மூன்று இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது, நன்கு செய்தால் ஒன்றும் நிகழ்வதில்லை; ஒன்றும் நிகழாமையை எவரும் போற்றுவதில்லை. 2018 மார்ச்சு மாதம் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலிருந்து பொய்யான பணமாற்றுச் செய்திகளின் வாயிலாகப் பணம் பறிக்க ஒரு முயற்சி நடந்தது. அது கண்டறியப்பட்டுத் தடுக்கப்பட்டது. பண இழப்பு நேரவில்லை. அதனாலேயே அந்நிகழ்ச்சி மக்கள் நினைவில் தங்கவில்லை. இரண்டாவது, வெளியாரிடமிருந்து மட்டுமன்றி, ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் உடன்பணியாளரிடமிருந்தும் காக்க வேண்டியுள்ளது. மூன்றாவது, பொறுப்பு அவருடையது, அதிகாரம் மேலிடத்தினுடையது. எச்சரிக்க அவர்க்கு இயலும்; ஆணையிடுபவர் வேறொருவர்.

இம்மூன்று இடர்ப்பாடுகளையும் ஒரே களத்தில் வைத்துக் காட்டும் தமிழ்க் காப்பியம் சிலப்பதிகாரம். அதன் மதுரைக் காண்டத்தை இத்தொழிலின் கண்கொண்டு படிக்கும்பொழுது, பல்லாண்டு வகுப்பறையில் பயின்ற பகுதிகள் புதிய பொருள் தருகின்றன.

திறந்து கிடந்த நான்கு வாயில்கள்

கொலைக்களக் காதையில் கோவலன் வெட்டுண்டு வீழ்வதற்கு முன், அவனைக் காத்திருக்கக்கூடிய வாயில்கள் நான்கு இருந்தன. நான்கிலும் காவல் தவறியது.

முதல் வாயில், பொற்கொல்லனின் தகுதி. அவன் அரண்மனைக்குப் புறத்தான் அல்லன். நூறு பொற்கொல்லர் பின்வர, அரச வரிசை பெற்றவனாக அவன் தெருவில் வருகின்றான். அரசியின் சிலம்பை அணுகும் உரிமை அவனுக்குத் தொழிலால் வாய்த்தது. அச்சிலம்பை அவன் முன்பே கவர்ந்திருந்தான். களவு வெளிப்படுமுன் பழியை ஏற்றுவதற்கு ஓர் அயலானைத் தேடிக்கொண்டிருந்தான். திருடியவன் மதில் ஏறிக் குதித்து வந்தவன் அல்லன். வாயில் வழியே மதிப்போடு வந்து சென்றவன். வள்ளுவர் ‘உட்பகை’ என்று ஓர் அதிகாரம் வகுத்து, புறத்தே நிற்கும் பகையைவிட உள்ளே நட்புப்போல் நிற்கும் பகை கொடிது என்று உணர்த்துவது இதனால்தான். செப்பும் மூடியும் பொருந்தினாற்போல வெளித்தோற்றத்தில் ஒன்றியிருப்பினும் உள்ளத்தால் ஒன்றாமையை அவ்வதிகாரம் சுட்டுகின்றது.

இரண்டாம் வாயில், மன்னனின் வேளை. பொற்கொல்லன் பாண்டியனைக் கண்டது அவையில் அன்று. அரசியின் ஊடல் தீர்க்கும் வேட்கையோடு மன்னன் அவள் மாளிகை வாயிலை அடைந்த நேரம் அது. உள்ளம் வேறிடத்தில் இருந்தது, கால் விரைந்துகொண்டிருந்தது. அந்நேரத்தில் செவியில் விழுந்த சொல்லை ஆராய அவனுக்கு மனம் இல்லை. காவலரை அழைத்து ஆணையிட்டுவிட்டுப் போனான். இன்றைய வஞ்சகரும் இத்தகைய நேரத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். அலுவலகம் மூடும் வேளையில், மேலாளர் பெயரால், இப்பொழுதே பணம் செலுத்துக என்று வரும் பொய்யஞ்சல் பொற்கொல்லனின் வழியைப் பின்பற்றுவதே. அறிவில்லாதவன் ஏமாறுகின்றான் என்று எண்ணுவது பிழை; விரைபவன் ஏமாறுகின்றான் என்பதே காப்பியம் காட்டும் உண்மை.

மூன்றாம் வாயில், காவலரின் ஐயம். ஆணை பெற்றுச் சென்ற காவலருக்குக் கோவலனின் தோற்றம் கள்வனின் தோற்றமாகப் படவில்லை. கொலைக்குரியவன் இவன் அல்லன் என்னும் கருத்து அவர்களிடம் எழுந்தது. காவலுக்கு மிகவும் இன்றியமையாத அந்த ஐயம் முளைத்த கணத்திலேயே பொற்கொல்லன் அதனைக் கிள்ளி எறிகின்றான். கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினை எண்ணிக் காட்டுகின்றான். தூதுவர் கோலம் பூண்டு புகுந்து திருடிய ஒருவனின் கதையையும் உரைக்கின்றான். களவு நூலை நன்கு அறிந்தவன்போல் பேசுபவனே கள்வன் என்பது அவன் முன் நின்றவர்க்குத் தோன்றவில்லை. காவலருள் இளையவன் ஒருவன், முன்பு இருளில் தன் வாளையே பறித்துச் சென்ற கள்வனை நினைந்து அஞ்சுகின்றான். வேந்தன் தம்மை ஒறுப்பான் என்னும் அச்சமும் அவனுக்குண்டு. இந்த அச்சத்திற்கும் அந்த ஐயத்திற்கும் இடையே, கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகின்றான்.

இளங்கோவடிகளின் நுட்பம் இங்கே வெளிப்படுகின்றது. காவலர் கொடியர் என்று அவர் எழுதவில்லை. அவர்களுக்குக் கண் இருந்தது. கண்டதை மேலிடத்திற்குக் கொண்டுசெல்ல வழி இருக்கவில்லை. ‘ஆணையில் ஐயம் உள்ளது, சற்றுப் பொறுத்தருள்க’ என்று ஒரு காவலன் மன்னனிடம் திரும்பிச் சென்று சொல்லக்கூடிய முறை அவ்வரசில் இருந்ததாகக் காப்பியம் காட்டவில்லை. தகவல் பாதுகாப்புப் பொறியியலாளர் தம் நிறுவனத்தில் முதலில் அமைக்க வேண்டியது இவ்வழியே. கடைநிலை எழுத்தர் ஒருவர், ‘இந்த மின்னஞ்சல் எனக்கு ஐயத்தைத் தருகின்றது’ என்று அச்சமின்றிச் சொல்ல இயலாத நிறுவனத்தில் எத்துணை விலையுயர்ந்த கருவியும் பயன் தராது. அரணின் சிறப்பையெல்லாம் விரித்துரைத்த வள்ளுவர், அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், செயல்திறம் உடையார் உள்ளே இல்லையெனின் அரண் இருந்தும் இல்லாததே என்று முடிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நான்காம் வாயில், அரண்மனைக்குள்ளேயே இருந்த அறிவு. அரசியின் சிலம்பில் உள்ள பரல் முத்து என்பது மன்னனுக்குத் தெரியும். அதனை அறிய நாடெங்கும் ஒற்றரை ஏவ வேண்டியதில்லை, நூலாராய வேண்டியதில்லை. கைப்பற்றிய சிலம்பின் பரல் யாது என்னும் ஒரு வினாவைக் கேட்டிருந்தால் போதும். அவ்வினா கோவலன் உயிரோடிருக்கையில் எழவில்லை. தேவையான செய்தி அமைப்புக்குள்ளேயே இருந்தும், முடிவெடுக்கும் வேளையில் அதனை எவரும் நாடவில்லை. மதுரையின் அழிவு இந்த ஒரு வினா கேளாமையிலிருந்து தொடங்குகின்றது.

ஊழும் பிழையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். கோவலன் இறந்தது ஊழ்வினையால். காப்பியமே அதனைப் பலகாலும் உரைக்கின்றது. அங்ஙனமாகக் காவலின் பிழையை ஆராய்வது காப்பியத்தின் கருத்துக்கு மாறாகாதா என்று மாணவர் வினவலாம். வினா பொருந்தியதே. ஆனால் சிலப்பதிகாரம் நாட்ட வந்த உண்மைகள் மூன்று. ஊழ்வினை வந்து தன் பயனை ஊட்டும் என்பது அவற்றுள் ஒன்று மட்டுமே. அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் என்பது மற்றொன்று. எல்லாம் ஊழின் செயலே எனின் பிழை என்னும் சொல்லுக்கு அங்கு இடமில்லை. ஊழை ஒப்புக்கொண்ட புலவரே, பிழையையும் வேறாக எடுத்து மொழிகின்றார். அதனாலேயே நான்கு வாயில்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுகின்றார். ‘ஊழ்’ என்று சொல்லி நெடுஞ்செழியன் தப்ப முயலவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அலுவலகங்களில் ஊழுக்குப் பதிலாக வழங்கும் சொல் ‘கணினிக் கோளாறு’ என்பதாகும். அச்சொல்லைக் கேட்டவுடன் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது.

பரல் தெளிவித்த நெறி

வழக்குரை காதை தமிழில் எழுந்த அறமன்றக் காட்சிகளுள் தலையாயது. கண்ணகியின் சீற்றத்தையும் கற்பின் திண்மையையும் ஆசிரியர்கள் அதில் எடுத்துரைப்பது வழக்கம். அவ்வளவு பேசப்படாத ஒன்று, அவள் கையாண்ட மெய்ப்பிக்கும் நெறி. மன்னன் மீது அவள் சுமத்தும் முதற்குற்றம் கொடுமை அன்று, தேராமை. ஆராயாது தெளிந்தாய் என்பதே அவளது வழக்கின் அடிப்படை.

வழக்கு நடக்கும் முறையைக் காண்க. இரண்டு சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒத்தவை. எனவே புறத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கூற இயலாது. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் சொல்கின்றாள். மன்னன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று சொல்கின்றான். இருவரும் அவையறியத் தத்தம் கூற்றை முன்வைத்த பின்னரே சிலம்பு உடைக்கப்படுகின்றது. முதலில் உடைத்துவிட்டுப் பின்னர்ப் பேசியிருந்தால், எவரும் எதனையும் சொல்லிக்கொள்ள இயலும். கூற்று முன்னும் சோதனை பின்னும் அமைந்தமையால் ஐயத்துக்கு இடமின்றி உண்மை வெளிப்படுகின்றது. உரியவர் மட்டுமே அறிந்த ஒன்றைக் கொண்டு உரிமையை நாட்டுதல் என்னும் இந்நெறியே கடவுச்சொல் முதல் இன்றைய நுழைவுச் சோதனைகள் பலவற்றுக்கும் அடிப்படை. இதனால் இளங்கோவடிகள் கணினியியலை முன்னறிந்தார் என்பது பொருளன்று. மெய்யை நாட்டும் வழி எக்காலத்தும் ஒன்றே என்பதே பொருள்.

இக்காலத்திலிருந்து ஒரு சான்று இதனை விளக்கும். 2016 பிப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் பெயரால், நியூயார்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி அமெரிக்க டாலரை மாற்றும்படி 35 பொய்ப் பணிப்புகள் அனுப்பப்பட்டன. வங்காளதேசத்தில் வார விடுமுறை தொடங்கும் வேளையைக் கள்வர் தேர்ந்துகொண்டனர். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பீன்சுக்குச் சென்று சேர்ந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலரோ கள்வர் கையை அடையவில்லை. பணம் பெறும் அமைப்பின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. இடையில் இருந்த வங்கி அதனைக் கண்டு, விளக்கம் கேட்டது. அந்த ஒரு கேள்வியால் பணம் காக்கப்பட்டது. எழுத்துப்பிழையைத் திருத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிடும் தமிழாசிரியர்க்கு இதனினும் மகிழ்வூட்டும் செய்தி வேறு கிடைப்பது அரிது. கொலைக்களக் காதையில் எவரும் கேளாத கேள்வியை அங்கு ஒருவர் கேட்டார்.

ஆயிரம் பொற்கொல்லர்

பாண்டியன் நெடுஞ்செழியனின் பிழையைப் பலரும் அறிவர். அவனுக்குப் பின் நிகழ்ந்ததை வகுப்பறைகள் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குச் சாந்தி செய்யும் பொருட்டுப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. களவு செய்தவன் ஒருவன். உயிர் இழந்தவர் ஆயிரவர். அவர்களுள் எவரேனும் குற்றத்தில் பங்குகொண்டனரா என்று எவரும் ஆராயவில்லை.

நெடுஞ்செழியன் ஒருவனை ஆராயாது நம்பினான். வெற்றிவேற் செழியன் ஒரு தொழிலார் அனைவரையும் ஆராயாது தண்டித்தான். வெளிப்பார்வைக்கு இவை எதிரெதிர்ச் செயல்கள். உண்மையில் இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் இவ்விரண்டையும் அருகருகே வைக்கின்றார். ஆராயாமல் ஒருவனைத் தெளிதலும், ஆராய்ந்து தெளிந்தபின் அவனை ஐயுறுதலும் தீராத துன்பம் தரும் என்பது அதன் கருத்து. தகவல் பாதுகாப்புப் பணியின் முழு அறமும் இவ்விரு எல்லைகளுக்கு இடையே அடங்கியுள்ளது. நிறுவனத்தில் ஒரு களவு நிகழ்ந்துவிட்டால் மறுநாள் அனைவரையும் கள்வராகப் பார்ப்பதும், கையில் அகப்பட்ட கடைநிலை ஊழியரைப் பலியாக்கிக் கோப்பை மூடுவதும் எளிய வழிகள். பாதுகாப்பு என்னும் பெயர் பெற்றாலும் அவை வெற்றிவேற் செழியனின் வேள்வியே.

இவ்விடத்தில் மலேசியத் தமிழர்க்கே உரிய ஒரு வரலாறு குறுக்கிடுகின்றது. தோட்ட வாழ்வில் காவலும் கணக்கும் மேலிடத்தின் கருவிகளாக இருந்தன. பாலை நிறுத்தவர், எண்ணை எழுதியவர், எழுதியதைப் படித்துக் காட்டியவர் அனைவரும் ஒரே பக்கத்தில் நின்றனர். ஏட்டைப் படிக்க அறியாத தொழிலாளிக்குத் தன் நிறுவையைச் சரிபார்க்க வழியில்லை. இதனால் தோட்டத்தைப் பாடிய நம் கதைகளிலும் நாவல்களிலும் கங்காணியும் கிராணியும் பெரும்பாலும் அச்சத்திற்கோ வெறுப்பிற்கோ உரிய பாத்திரங்களாகவே நிலைத்தனர். தமிழகத்திலிருந்து வந்து மலேசியத் தோட்ட வாழ்வைக் கண்டு ‘பால்மரக் காட்டினிலே’ என்னும் நாவலைப் படைத்த அகிலன் தொடங்கி, இம்மண்ணிலேயே பிறந்து எழுதிய பலர் வரை, எழுத்தாளர் தொழிலாளியின் பக்கத்தில் நின்றனர். அது நியாயமான நிலைப்பாடு. வரலாற்றுக்கு உண்மையான நிலைப்பாடு.

ஆனால் இன்று காவலரின் இருக்கையில் அமர்ந்திருப்பது அத்தொழிலாளியின் பேத்தி. உடன்பணியாளரின் நுழைவுப் பதிவுகள் அவள் கண்முன் விரிகின்றன. அவள் புதிய கங்காணி ஆவாளா, அன்றி வேறொருத்தி ஆவாளா என்பதே நம் காலத்தின் வினா. வேறுபாடு நுண்ணியது, எனினும் தெளிவானது. கங்காணி ஆளைக் கண்காணித்தான்; பொறியியலாளர் செயலைச் சரிபார்க்க வேண்டும். கங்காணியின் கண் கீழ்நோக்கியே பாய்ந்தது. பொறியியலாளரின் விதி மேலாளருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வினை செய்வார், சுற்றத்தார், வேண்டாதார் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் ஆராய்வதே ஒற்றின் இலக்கணம் என்று ‘ஒற்றாடல்’ அதிகாரம் வரையறுக்கின்றது. அவ்வதிகாரமே, ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால்தான் தெளிய வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஒருவர் வாய்ச்சொல்லால் எவரும் குற்றவாளி ஆகலாகாது என்பதற்கு இதனினும் வலிய அரண் வேண்டுவதில்லை. தோட்டத்து ஏட்டின் குறையும் இதுவே. நிறுப்பவரும் எழுதுபவரும் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆளாக இருந்திருப்பின், பாட்டனார் தம் நிறுவையை நம்பி உறங்கியிருப்பார். பணம் கோருபவரே அதற்கு ஒப்புதல் அளித்தலாகாது என்று இன்று பேத்தி தன் நிறுவனத்தில் விதி வகுக்கும்பொழுது, தன் குடும்பம் இழந்த நியாயத்தையே அவள் பிறர்க்கு வழங்குகின்றாள்.

பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு

நெடுஞ்செழியனை இளங்கோவடிகள் முற்றும் வீழ்த்திவிடவில்லை. மாணிக்கப் பரல் தெறித்த கணத்தில், பொற்கொல்லன் சொற்கேட்ட தானே கள்வன் என்று மன்னன் தன்மேல் பழியை ஏற்கின்றான். காவலரைக் குறை கூறவில்லை. பொற்கொல்லனை இழுத்துவரச் சொல்லிக் காலம் கடத்தவில்லை. அவையின் நடுவே, பாதிக்கப்பட்டவள் முன்னிலையில், தன் வாயாலேயே பிழையை உரைத்து உயிர் துறக்கின்றான்.

இக்கால நிறுவனங்களுக்கு இப்பண்பு எளிதில் வாய்ப்பதில்லை. 2017 அக்டோபரில் மலேசியாவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தமை வெளிப்பட்டது. பெயரும் முகவரியும் அடையாள அட்டை எண்ணும் அவற்றுள் இருந்தன. அத்தொகை நாட்டின் மக்கள்தொகையினும் மிகுதி. கசிந்த விவரங்கள் 2014ஆம் ஆண்டுக்குரியவை. அதாவது, உரியவர் அறியாமலே ஆண்டுகள் சில கடந்திருந்தன. தன் பொருள் களவுபோனதைத் தானே அறியாதிருத்தல் கோவலன் நிலையினும் இரங்கத்தக்கது.

சட்டம் மெல்ல மெல்ல இக்குறையை நிரப்பி வருகின்றது. 1997இல் கணினிக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தரவுகள் கசிந்தால் 72 மணி நேரத்திற்குள் உரிய ஆணையருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் கடப்பாடு 2025 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. பாண்டியன் தானே முன்வந்து செய்ததை இன்று சட்டம் செய்விக்கின்றது. ஆயினும் சட்டம் வாயைத் திறக்கச் செய்யும், நாணத்தைப் பிறப்பிக்காது. அது இலக்கியத்தின் வேலை.

எழுதப்பட வேண்டிய கதை

தமிழ்ப் புனைகதையில் கணினி அறிமுகமாகி நெடுநாளாயிற்று. பெங்களூரில் பாரத் மின்னணு நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய சுஜாதா அதனை வெகுமக்கள் இதழ்களின் வாசகர்க்கு நெருக்கமாக்கினார். பினாங்கில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு, தோட்டத்துக்கு வெளியே விரிந்த மலேசியத் தமிழர் வாழ்வை நாவலுக்குள் கொண்டுவந்தார். இவ்விரு வழிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு கதை காத்திருக்கின்றது.

அக்கதை துப்பறியும் கதையாக இருக்க வேண்டியதில்லை. கள்வன் அகப்படுவதில் அதன் உச்சம் இல்லை. விரைந்து கையொப்பமிடச் சொல்லும் மேலாளர் ஒருபுறமும், ‘ஒரு வினாடி பொறுங்கள், இதைச் சரிபார்த்துவிடலாம்’ என்று சொல்லத் துணியும் இளம்பெண் மறுபுறமும் நிற்கும் கணமே அதன் உச்சம். அவள் கேட்டால் ஒன்றும் நிகழாது. அவளுக்குப் பாராட்டும் கிடைக்காது. மேலாளரின் சினம் மட்டும் கிடைக்கலாம். அவள் கேளாவிட்டால் எங்கோ ஒரு கோவலன் வீழ்வான். நிகழாத ஒன்றை நிகழ்ச்சியாக்கிக் காட்டுவது எழுத்துக்கலைக்கு அறைகூவலாகும். தோட்டத்துத் துயரத்தைப் பேச மொழி கண்ட மலேசியத் தமிழ் எழுத்து, இம்மௌனமான துணிவைப் பேசவும் மொழி காணுதல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மதுரைக் காண்டம் கற்பிக்கும் வகுப்பில், ‘கோவலனைக் கொன்றவர் யார்’ என்னும் வினாவுக்குப் பதிலாக, ‘எந்த இடத்தில், எவர், எதனைக் கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்’ என்று வினவிப் பார்க்கலாம். மாணவர் நான்கு வாயில்களையும் தாமே கண்டடைவர். ஐந்தாவது ஒன்றையும் காணக்கூடும். அவ்வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவர், சில ஆண்டுகளில் பாயா ரும்புட்டிலிருந்து புறப்பட்டு ஏதோ ஒரு நிறுவனத்தின் காவலராக அமர்வார். ஆணை ஒன்று அவசரமாக வரும் நாளில், பரல் முத்தா மாணிக்கமா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருக்குமாயின், சிலப்பதிகாரம் அவர்க்குத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் முடிந்துவிடவில்லை என்று கொள்ளலாம்.